கூட மூணு போட்டுக்கோங்க

ஒரு மனிதன் பூஜ்யத்தைவிடக் குறைவாக இருக்க முடியுமா? சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குத் தாவாதீர்கள். பதில் சொல்லுங்கள். முடியாது என்றுதானே சொல்வீர்கள்? நான் ஒருவரைக் காட்டுகிறேன். இரண்டு வருடம் அவர் அப்படித்தான் இருந்தார். காலையில் அவர் அட்டையைத் தேய்த்ததும் வாசல் அறைத் திரையில் ஒரு கழித்தல் குறியும் அதன் பின்னால் ரயில் மாதிரி ஒரு நீள எண்ணும் வந்து நிற்கும். அது அவர்தான். கூட வேலை பார்த்தவர்கள் அவரை மைனஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். கடைசியில் அவர் மனைவிகூட.

மீனையும் இறைச்சியையும் பட்டாணியையும் பெட்டி பெட்டியாக உறையவைத்து அடுக்கும் கோல்ட் ஸ்டோரேஜில் அவருக்கு வேலை. ஏழு அறைகள், ஒன்றுக்குள் ஒன்று திறக்கும். கடைசி அறைதான் அவருடையது. பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு, காதை மூடும் தொப்பி, இரண்டு அடுக்குக் கையுறை. உள்ளே காற்றாடிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். மதியம் வெளியே வந்து, லாரி ஏற்றும் மேடையில் வெயில் விழும் இடமாகப் பார்த்து, பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு சாப்பிடுவார். யாராவது பேச்சுக் கொடுத்தால், "இரு, நாக்கு இன்னும் உருகல" என்பார்.

எட்டாவதோடு படிப்பை விட்டவர். மூட்டை தூக்கியிருக்கிறார், கிணறு தோண்டியிருக்கிறார், ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டியிருக்கிறார். தலையணை உறை தைத்து விற்கும் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவள் தம்பியையும் அதே குளிர் அறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். "வெளில எல்லாரும் வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறான். நமக்குக் கம்பெனியே ஏசி போட்டுக் கொடுத்திருக்கு, மச்சான்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். மச்சானுக்கு முதல் வாரத்திலேயே காது மடல் தோல் உரிந்தது.

அவர் மைனஸ் ஆன கதை ஒரு அட்டை ஒடிந்ததில் தொடங்குகிறது. அந்தக் குளிரில் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். குனிந்து பெட்டியைத் தூக்கும்போது சட்டைப்பையில் இருந்த அட்டை நடுவில் படக்கென்று ஒடிந்தது. புதிது கொடுத்தார்கள். பழைய அட்டைகளில் நாமெல்லாம் எழுதும் சாதாரண எண் அச்சடித்திருக்கும். புதிய அட்டைகள் வேறு கம்பெனியிலிருந்து வந்தவை. அவற்றில் எண்ணும் எழுத்தும் கலந்து பத்து இடங்கள்.

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ஒரு மனிதனை விழுங்கிய கணக்கே இவ்வளவுதான். நமக்கு விரல் பத்து, அதனால் பத்து இலக்கம் வைத்து எண்ணுகிறோம். இயந்திரங்களுக்குப் பதினாறு வசதி. ஒன்பதுக்கு மேல் நம்மிடம் இலக்கம் இல்லாததால் பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி என்று போய்ப் பதினைந்துக்கு எஃப் போட்டுக்கொள்கிறார்கள். பதினாறு அடிமான எண் என்றால் அதுதான். அதை நம் பத்து அடிமானத்துக்கு மாற்ற ஸ்ப்ரெட்ஷீட்டில் HEX2DEC என்று ஒரு சார்பு, அதாவது ஃபார்முலா, இருக்கிறது. ஒரு கட்டத்தில் எழுத்துக் கலந்த எண்ணைப் போட்டால் அடுத்த கட்டத்தில் சாதாரண எண் வந்துவிடும். நல்ல கருவி. ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. பத்து இடமும் நிரம்பிய எண்ணாக இருந்து, முதல் இடத்தில் எட்டோ அதற்கு மேலோ இருந்தால், அதை அது மைனஸ் எண் என்று எடுத்துக்கொள்ளும். இது பிழையே அல்ல. அப்படித்தான் செய்திருக்கிறார்கள், உதவிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். படிக்க வேண்டியவர் படிக்க வேண்டும்.

படிக்க வேண்டியவர் சேஃப்டி சார். ஆபத்து வந்தால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு ஷீட் அவரே செய்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை. வாசல் இயந்திரம் எந்த அட்டையின் எண்ணையும் பதினாறு அடிமானத்தில்தான் அனுப்பும், HEX2DEC அதை மாற்றும், ஆட்கள் பட்டியலில் பொருத்திப் பெயரைக் கொண்டுவரும். மேலே மூலையில் பச்சைக் கட்டத்தில் உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. ஷீட்டில் முன்னேற்பாடாக இருநூறு வரிகள் போட்டு வைத்திருந்தார். ஆள் வராத வரி காலியாக இருக்கும், காலிக் கட்டத்துக்கு HEX2DEC பூஜ்யம் என்று பதில் சொல்லும். அந்தப் பூஜ்யங்களை எண்ணாமலிருக்க, பூஜ்யத்துக்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ணு என்று பச்சைக் கட்டத்தில் எழுதினார்.

புதிய அட்டைகளையும் அதே சார்பில் போட்டு, வந்ததை அப்படியே பட்டியலில் ஒட்டினார். இரண்டு பக்கமும் மைனஸ், அதனால் பெயர் சரியாக வந்தது. கதவு திறந்தது, வருகை பதிவானது. எதுவுமே கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. பச்சைக் கட்டம் மட்டும் சிலரை எண்ணவில்லை.

வாசல் அறையில் உட்காரும் பெண்ணை எல்லாரும் கேட் அக்கா என்பார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும். புது அட்டையைத் தேய்த்த முதல் நாள் அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, என் பேருக்கு முன்னாடி கோடு இழுத்து வெச்சிருக்கு?"

"கோடு இல்லண்ணே, மைனஸ்."

"அப்போ நான் உள்ள போனா ஒரு ஆள் குறையுமா?"

அக்கா சிரித்தாள். பின்னால் நின்ற ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தான். "யோவ், உன் தலையெழுத்தே எஃப்புய்யா! எஃப்னா ஃபெயில்!"

"நீ பாஸானவன், நீ வந்து மீனைத் தூக்கு."

அன்றிலிருந்து அவர் மைனஸ். அடுத்து மச்சானின் அட்டையும் ஒடிந்தது, அவனுக்கு வந்தது சி. பாக்கிங் பிரிவில் ஒரு பெண்ணுக்கு ஒன்பதில் ஆரம்பிக்கும் அட்டை. ஆக மூன்று பேர்.

ஆபத்து ஒத்திகை நடந்த அன்று கேட் அக்கா கவனித்தாள். முற்றத்தில் தலைகளை எண்ணினால் பச்சைக் கட்டத்தைவிட மூன்று அதிகம். சேஃப்டி சாரிடம் சொன்னாள்.

"சார், மைனஸ்ல வர்றவங்க டோட்டல்ல சேர மாட்டேங்குறாங்க."

"எத்தனை பேரு?"

"மூணு."

"அப்போ கூட மூணு போட்டுக்கோங்க. ஷீட்டை அப்புறம் பாக்கலாம்."

அவள் போட்டுக்கொண்டாள். ஷிஃப்டில் எத்தனை மைனஸ் இருக்கிறது என்று தினமும் ஷீட்டின் அடிவரை உருட்டிப் பார்த்து, மனசுக்குள் கூட்டிவைத்துக்கொள்வாள். இன்றைக்குக் கூட இரண்டு, இன்றைக்குக் கூட ஒன்று. எங்கும் எழுதிவைக்கவில்லை. யாரும் எழுதச் சொல்லவும் இல்லை. மூன்று உயிர்கள் ஒரு பெண்ணின் ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த ஞாபகத்துக்கு லீவு போட உரிமை உண்டு என்பதை நிர்வாகம் யோசிக்கவில்லை.

அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். லீவு போட்டாள். அன்று மதியம் குழாய் ஒன்று பிளந்தது.

அந்த அறைகளைக் குளிராக்குவது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை சாது. வெளியே வந்தால் ஈரம் இருக்கும் இடமாகத் தேடிப்போய் எரிக்கும். கண், தொண்டை, நுரையீரல். சைரன் அடித்தது. எல்லாரும் ஓடிவந்து முற்றத்தில் நின்றார்கள். சேஃப்டி சார் தலைகளை எண்ணினார். முப்பத்தெட்டு. வாசல் அறைக்குள் போய்ப் பச்சைக் கட்டத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு. மச்சானுக்கும் பாக்கிங் பெண்ணுக்கும் அன்று மாலை ஷிஃப்ட், இன்னும் வரவில்லை. அன்று உள்ளே போயிருந்த மைனஸ் ஒரே ஒருவர். அதனால்தான் கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

"மைனஸ் எங்கய்யா?" என்று ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கேட்டிருக்கிறான். கேட்டான், அதை நான் மறைக்கக் கூடாது.

"டேலி ஆயிடுச்சுப்பா. பின்னாடி எங்கயாச்சும் இருப்பான்" என்றார்கள். அவனும் விட்டுவிட்டான்.

ஜோசியத்தை ஒதுக்கிவிட்டோம், குறி கேட்பதை நிறுத்திவிட்டோம் என்று மார்தட்டுகிற தலைமுறை இது. ஒரு பச்சைக் கட்டம் எண்ணைச் சொன்னதும் கண்ணால் காணாத மனிதனைக் கண்டதாக நினைத்துக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நம்புவது கணினியை என்றால் அது அறிவியல் ஆகிவிடுமா? நம்பிக்கை நம்பிக்கைதான். கும்பிடும் திசைதான் மாறியிருக்கிறது.

தீயணைப்பு வீரர்கள் வந்து கேட்ட முதல் கேள்வி, "உள்ள ஆள் இருக்கா?"

"யாரும் இல்ல. ஃபுல் கிளியர்."

ஆள் இல்லாத கட்டடத்துக்குள் எதற்குப் போக வேண்டும்? வால்வை அடைத்து, தண்ணீரைத் திரை மாதிரி பீய்ச்சி, வாயு கலைய வெளியே காத்திருந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.

மச்சான் ஷிஃப்டுக்கு வந்தபோது இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா எங்க?"

"வெளிலதான் இருப்பாரு. பாரு, கணக்கு சரியா இருக்கு."

"சார், அவர் சைக்கிள் நிக்குது. டிபன் பாக்ஸ் மேடைல இருக்கு. சாப்பிடவே இல்ல சார் அவரு!"

சேஃப்டி சார் திரையை அவன் பக்கம் திருப்பினார். எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருந்தது ஷீட். முப்பத்தெட்டுப் பெயர்கள், பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். "சிஸ்டம்ல இல்லடா தம்பி." மச்சான் மவுஸைப் பிடித்து உருட்டினான். உருட்டிக்கொண்டே போனான். பூஜ்யங்கள் எல்லாம் தீர்ந்து, ஷீட்டின் அடிமட்டத்தில், ஒரு கோட்டுக்குப் பின்னால் அவர் பெயர் இருந்தது.

ஏழாவது அறைக் கதவருகே, பனி உருகி நனைந்த தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு கிடந்தார். உயிர் இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் ஒரு விபத்து என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அதற்குப் பிறகு நடந்தது விபத்து இல்லை.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு மார்பு நோய்ப் பிரிவில் படுத்திருந்தார். ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. சேஃப்டி சார் ஆப்பிள் பையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாம் நேரம்ண்ணே. விதி. நம்ம கையில என்ன இருக்கு?"

"நேரம் இல்ல சார். ஃபார்முலா" என்றார் அவர். மூச்சு வாங்கியது. கேட் அக்கா வந்து அழுதபோது அவளிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். "மைனஸ் வந்தா ரெண்டோட நாப்பதாவது அடுக்கைக் கூட்டணுமாம். அப்போ சரியான நம்பரு வந்துடுமாம். ஒரே ஒரு வரி சார். அதை மட்டும் மாத்திடுங்க. என் மச்சான் சாயங்காலம் உள்ள போறான்."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். எனக்கு இதைக் கொடு, அதைக் கொடு என்று அவர் கேட்கவே இல்லை. மச்சான் எண்ணிக்கையில் வர வேண்டும். வந்து பார்த்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். நர்ஸிடம்கூடச் சொன்னார்.

"என்ன பெரியவரே, கணக்கு வாத்தியாரா நீங்க?" என்றாள் நர்ஸ்.

"இல்லம்மா. நான் கணக்கு."

சேஃப்டி சார் மாற்றியிருப்பார் என்றே நினைக்கிறேன். கெட்டவர் இல்லை. கம்பெனி வக்கீல் தடுத்துவிட்டார். விசாரணை நடக்கும்போது ஷீட்டைத் தொட்டால், தப்பு இருந்தது என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார். அதனால் தப்பு பத்திரமாக இருந்தது. பூட்டிவைத்தார்கள்.

விசாரணைக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். நீள மேஜை, அதன் பின்னால் விசாரணை அதிகாரி. மச்சான் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். கம்பெனி தரப்பில் என்ன சொன்னார்கள் தெரியுமா? இவர் சம்பவத்தின்போது உள்ளே இல்லை. சைரனுக்குப் பிறகு, தடையை மீறி, சொந்தக் காரணத்துக்காகப் பின்வழியே நுழைந்திருக்க வேண்டும். சான்று? வாசல் பதிவு. வக்கீல் அதை உயர்த்திக் காட்டினார்.

"எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கிறது பாருங்கள். உள்ளே வந்தால் கூட்டல், வெளியே போனால் கழித்தல். காலையிலேயே இவர் வெளியேறிவிட்டார்."

விசாரணை அதிகாரி தலையாட்டினார். அவருக்கு அது புரிந்தது. புரிகிற பொய்க்குக் கிடைக்கும் மரியாதை புரியாத உண்மைக்குக் கிடைப்பதில்லை.

கேட் அக்கா எழுந்தாள். "சார், அது வெளிய போனதுன்னு அர்த்தம் இல்ல. அட்டை எஃப்ல ஆரம்பிக்குது, அதனால ஷீட்டு அப்படிக் காட்டுது. அவருக்கு வரும்போதும் மைனஸ், போகும்போதும் மைனஸ். பழைய தேதி எடுத்துப் பாருங்க சார், தினமும் அப்படித்தான்."

"நீங்கள் அன்றைக்கு லீவுதானே?"

"ஆமா சார், ஆனா..."

"உட்காருங்கள்."

அப்போது நாற்காலியில் இருந்தவர் குழாயை மூக்கிலிருந்து விலக்கினார். "ஐயா, மைனஸ்னா வெளிய போனதுன்னா, நான் ரெண்டு வருஷமா காலைல ஒரு தடவை வெளிய போயிருக்கேன், சாயங்காலம் ஒரு தடவை வெளிய போயிருக்கேன். உள்ள வரவே இல்ல. அப்போ பெட்டிய யாருங்க தூக்குனது?"

அறையே சிரித்தது. விசாரணை அதிகாரியும் சிரித்தார். அதைவிடத் தெளிவான வாதத்தை எந்த வழக்கறிஞரும் வைத்திருக்க முடியாது. ஆனால் மேஜைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துத்தானே வாதத்தை எடை போடுகிறார்கள்? சிரித்து முடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டு எழுதினார்: சம்பவ நேரத்தில் மேற்படி நபர் வளாகத்தினுள் இருந்ததற்குச் சான்று இல்லை. எச்சரிக்கை ஏற்பாடுகளில் குறை ஏதும் காணப்படவில்லை.

குறை காணப்படாத இடத்தில் திருத்த என்ன இருக்கிறது? ஷீட் அப்படியே இருந்தது. கேட் அக்காவை வாசலிலிருந்து எடுத்து உதிரிப் பொருள் அறைக்கு மாற்றினார்கள். வாசலுக்கு வந்த புதுப் பெண்ணுக்கு யாரும் கூட மூணு பற்றிச் சொல்லவில்லை. அக்கா போய்ச் சொன்னாள். புதுப் பெண் பயந்துபோய், "எதுவும் நீங்க சொல்லித்தர வேணாம்னு மேல சொல்லிட்டாங்கக்கா" என்றாளாம்.

மச்சான் தன் வழியில் ஒன்று செய்து பார்த்தான். எழுத்து மாறினால் போதுமே என்று அட்டையைக் கையாலேயே ஒடித்தான். புது அட்டை வந்தது. பி. மைனஸ். மறுபடி ஒடித்தான். டி. பதினாறு இலக்கத்தில் எட்டு மைனஸ் பக்கம். காசு சுண்டிப் போடுகிற மாதிரிதான், அவன் பக்கம் விழவில்லை. இன்னொரு முறை ஒடித்தால் வேலை போகும் என்று எச்சரித்தார்கள். ஆஸ்பத்திரியில் வந்து சொன்னான்.

"என்னடா வந்துச்சு?" என்றார் அவர்.

"டி, மாமா."

அவர் அவனிடமிருந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். "வேலைய விட்டுடு."

"விட்டுட்டு? அக்கா தைக்கிற உறையில நாலு பேரு படுத்துக்கலாமா?"

அவரால் சிரிக்க முடியவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நர்ஸ் வந்து மச்சானை வெளியே அனுப்பினாள். அந்த வாரத்திலேயே இறந்தார். இறப்புக்குக் காரணம் நுரையீரல் செயலிழப்பு என்று எழுதினார்கள். நுரையீரல் ஏன் செயலிழந்தது என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

வீட்டுக்கு வந்த கூட்டத்தில் எல்லாரும் ஒரே பாட்டு. விதி, விதி, அவர் விதி அவ்வளவுதான். மனைவி சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் தம்பியைப் பார்த்துக் கேட்டாள், "உன்னைய எண்ணுறாங்களாடா?"

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனான். வேறு எங்கே போவான்? இதை நான் எழுதும் இந்த மாலையிலும் அவன் உள்ளேதான் இருக்கிறான். பச்சைக் கட்டத்துக்குத் தெரியாது.

என்னால் அந்த ஷீட்டைத் தொட முடியாது. தொடக்கூடியவர்களிடம் எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஆட்களை எண்ண ஒரு ஷீட் வைத்திருந்தால், நாளைக்கே அதை வைத்திருப்பவரின் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒரு காலிக் கட்டத்தில் HEX2DEC போட்டு, மேற்கோள் குறிக்குள் பத்து எஃப் அடிக்கச் சொல்லுங்கள். மைனஸ் ஒன்று என்று வரும். இந்த மாதிரி அட்டை வைத்திருக்கிற ஆளை உங்கள் மொத்தம் எண்ணுகிறதா என்று கேளுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். அந்த வரியை உங்கள் கண்முன்னால் மாற்றுகிறவரை அங்கிருந்து நகராதீர்கள்.